மேகம் என்று நான் சொன்ன புகை

சாலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு இருபத்தேழு கல்படிகள். கொடைக்கானலில் சரிவில் வீடு கட்டிய எல்லாருக்கும் இப்படி ஒரு படிக்கணக்கு உண்டு. விருந்தாளியின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்காமல் ஏறுகிறவள் நான். பின்னால் அவர்கள் இளைத்து இளைத்து வருவதைப் பார்த்து, "கீழ்நாட்டு நெஞ்சு" என்று என் கணவர் பாண்டியிடம் கண்ணைக் காட்டுவேன். அவ்வளவு திமிர்.

ஒரு மே மாதக் காலையில் பதினாலாவது படியில் நின்றுவிட்டேன். தலையில் பெட்டி இல்லை. கையில் ஒரு பால் பாக்கெட் மட்டும்தான். நெஞ்சுக்கூட்டைச் சுற்றி யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல இருந்தது. பத்து எண்ணினேன், மேலே போய்விட்டேன். காப்பி போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

உங்களில் யாராவது இப்போது அப்படி ஒரு படியில் நிற்கிறீர்கள் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். நான் செய்ததையெல்லாம் செய்யாமல் இருந்தால் போதும், பாதி குணமாகிவிடும்.

என் பெயர் ஜெயா. மேல்மலையில் பூண்டு போடுகிற குடும்பத்தில் பிறந்து, கொடைக்கானலில் வாக்கப்பட்டவள். வீட்டில் மூன்று அறைகளை விருந்தாளிகளுக்கு விடுகிறோம். பாண்டி டாக்சி ஓட்டுகிறார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவில் சொல்வார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள்.

எங்கள் சரிவுக்கு அந்தப்பக்கம், ஒரு மேட்டைத் தாண்டினால் குப்பை கொட்டும் இடம். அதற்கு வளாகம், மேலாண்மை என்று வாய்நிறையப் பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே கிடப்பது தண்ணீர் பாட்டில், பிரியாணிப் பொட்டலம், குழந்தைகளுக்குக் கட்டிய நாப்கின், மிச்சம் மீதி. நல்ல காற்று வாங்க வந்தவர்கள் காற்றை வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சீசன் ஆரம்பித்த கொஞ்ச நாளில் அதில் தீ பிடித்துக்கொண்டது. தானாகப் பிடித்ததா, இடம் காலியாகட்டும் என்று யாராவது பற்றவைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லமாட்டார்கள். மேலே தீ தெரியாது. அடியில் கங்கு உட்கார்ந்துகொண்டு ராவும் பகலும் புகைந்தது.

பகலில் காற்று அந்தப் புகையை எங்காவது கொண்டுபோய்விடும். விடியற்காலையில்தான் வினை. குளிரில் புகை மேலே எழும்பாமல் படுத்து, பள்ளத்தில் கிடக்கும் மேகத்தோடு கலந்து, எங்கள் ஜன்னல்வரைக்கும் வெள்ளையாக வந்து நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். விருந்தாளிகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதற்குள் நின்று போட்டோ எடுப்பார்கள். ஆழமாக மூச்சை இழுத்து, "ஆகா, என்னா ஏர்!" என்பார்கள். நான் டீ எடுத்துக்கொண்டு போவேன்.

இந்த மலையில் பிறந்த யாருக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். மேகம் முடியை நனைக்கும், வாடை இருக்காது. புகை தொண்டையைக் காயவைக்கும், கண்ணில் மணலைப் போடும். ஆனால் சீசன் நேரத்தில் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளையாக எது தெரிந்தாலும் விருந்தாளியிடம் அதற்கு ஒரே பெயர்தான், மிஸ்ட். லாட்ஜ்காரர் சொல்வார், குதிரைக்காரர் சொல்வார், சாக்லேட் கடைக்காரர் சொல்வார். நானும் சொன்னேன். சொல்லிச் சொல்லி, எனக்கே அது மிஸ்ட் ஆகிவிட்டது.

அந்த வாரம் சென்னையிலிருந்து ஒரு பெண், கணவரோடும் ஏழு வயது மகளோடும் வந்து இரண்டாம் நம்பர் அறையில் தங்கினாள். மறுநாள் காலையில் வாசலில் நின்று மூக்கைச் சுளித்தாள்.

"அக்கா, ஏதோ பிளாஸ்டிக் எரியிற ஸ்மெல் வருதே?"

"அது மிஸ்ட்டுங்க மேடம். நம்ம ஊரு மிஸ்ட்டுல கொஞ்சம் மரவாடை கலந்து வரும்."

"பாப்பா ராத்திரியிலருந்து இருமிட்டே இருக்கா."

"குளிரு புதுசுல்லங்க. தைலம் தாரேன், நெஞ்சுல தேச்சு விடுங்க, வெரசா சரியாயிரும்."

ஒரு நாள் முன்னதாகவே அவர்கள் கிளம்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து, எங்கள் விடுதி பற்றி இணையத்தில் எழுதியிருந்தாள். வீடு சுத்தம், சாப்பாடு அருமை, காலையில் குப்பை எரியும் புகை, மகளுக்கு இருமல் நிற்கவில்லை, சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் யோசிக்கவும். ஒரு வார்த்தை கூடுதல் கிடையாது. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள்.

எனக்கு வந்ததே கோபம்! சீசன் நேரத்தில் இப்படி எழுதினால் யார் வருவார்கள்? உட்கார்ந்து பதில் எழுதினேன். "எங்கள் பகுதியில் புகை என்பதே கிடையாது. நீங்கள் பார்த்தது இயற்கையான மிஸ்ட். மலையைப் பற்றித் தெரியாதவர்கள் இப்படிக் குழப்பிக்கொள்வது சகஜம். மீண்டும் வருக." பாண்டி சத்தமாக வாசித்துவிட்டு, "அடியே, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்டி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு இருமலாகி, அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அதற்குப் பிறகு இருமல் என்னோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்தது. எங்கள் ஊர்க்காரர்கள் எதற்கும் முதலில் எடுப்பது யூக்கலிப்டஸ் தைலம். கொதிக்கிற தண்ணீரில் தைலத்தை விட்டு, தலைக்குமேல் கம்பளியைப் போட்டு, ஒரு நாளைக்கு மூன்று வேளை ஆவி பிடித்தேன். குளிர் வரக்கூடாது என்று எல்லா ஜன்னலையும் சாத்தினேன். அதாவது, உள்ளே வந்துவிட்ட புகையை வெளியே போகவிடாமல் காவல் காத்தேன். ஆவி பிடித்து எழுந்தால் நெஞ்சு இன்னும் இறுகும். தைலம் போதவில்லைபோல என்று அடுத்த வேளைக்கு இரண்டு சொட்டு கூட விடுவேன். என் புத்திசாலித்தனத்துக்கு ஒரு சிலைதான் வைக்க வேண்டும்.

பக்கத்துக் கிளினிக்குக்கும் போனேன். "என்னம்மா பண்ணுது?" என்றார் டாக்டர். "பனி ஒத்துக்கலைங்க" என்றேன். வெளியே கூட்டம். சளிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவரைத் திட்ட எனக்கு ஆசைதான். ஆனால் அந்த மனுஷன் நான் சொன்னதைத்தான் எழுதினார். விருந்தாளிக்குச் சொன்ன பொய்யை டாக்டருக்கும் சொன்னவள் நான்.

ஒரு நாள் வெள்ளனே எழுந்து பால் வாங்கப் போனவள், திரும்பி ஏறும்போது ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சை வெளியே விட முடியவில்லை. உள்ளே போனது அங்கேயே நிற்கிறது. மேலிருந்து பாண்டி ஓடிவந்தார்.

"ஏ புள்ள, என்ன நெஞ்சுக்குள்ள விசிலடிக்குது?"

பதில் சொல்ல முடியவில்லை. என் வாய்க்கு அப்படி ஒரு நிலைமை வந்தது அதுதான் முதல் தடவை. அவர் கண்ணில் பயத்தைப் பார்த்ததும், செத்துப்போவேன் என்று எனக்கும் தோன்றியது.

மேலே காட்டினால் மறுபடி பனி என்பார்கள் என்று காரை நேராக வத்தலக்குண்டுக்கு விட்டார். மலைப்பாதை நெடுக எதிரே வண்டிகள் சாரைசாரையாக ஏறிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் ஜன்னல் வழியே தலையை நீட்டி வாயைத் திறந்து காற்றைக் குடித்தன. மூச்சுக்காக அவர்கள் மேலே போகிறார்கள், மூச்சுக்காக நான் கீழே போகிறேன். ஒரு வளைவில் நெரிசலில் இரண்டு வரிசையும் நின்றன. எதிர்க்காரில் ஒருத்தர் கண்ணாடியை இறக்கி, "மேல மிஸ்ட் இருக்காங்க?" என்று பாண்டியிடம் கேட்டார். பாண்டி அவரைப் பார்த்த பார்வையில் அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் முதலில் நெபுலைசர் (மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியாக நுரையீரலுக்கு அனுப்பும் கருவி) வைத்தார்கள். புகையால் கெட்டவளுக்குப் புகைமாதிரியே மருந்து வந்தது. கால் மணி நேரத்தில் மூச்சு கொஞ்சம் இளகியது. அங்கிருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். அவசரப்படாமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"வீட்டுல விறகு அடுப்பாம்மா?"

"கேஸுங்க."

"சிகரெட் யாரும் பிடிப்பாங்களா?"

"இல்லைங்க."

"வீட்டுப்பக்கம் ஏதாவது எரியுதா?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், 'மிஸ்ட்' என்றுதான் வந்தது. நல்லவேளையாக மூச்சு பாதியில் நின்றது. பாண்டி முந்திக்கொண்டார்.

"குப்பைக் கெடங்கு எரியுதுங்க டாக்டர். மூணு வாரமா புகைஞ்சுக்கிட்டே கெடக்கு."

"இதை ஏம்மா முதல்லயே யாருகிட்டயும் சொல்லல?"

ஆஸ்பத்திரியில் பேசாமல் படுத்திருப்பதில் ஒரு வசதி, எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு மதுரைக்குப் போய் ஸ்பைரோமெட்ரி (குழாயில் பலமாக ஊதச்சொல்லி நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை) செய்துகொண்டு வந்தோம். முடிவைப் பார்த்துவிட்டு அதே டாக்டர் விளக்கினார். எனக்கு ஆஸ்துமா (மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சுருங்கும் நோய்). முன்பே லேசாக இருந்திருக்கலாம், புகை அதைக் கிளறிவிட்டது. தைல ஆவி என்னைப்போன்ற நெஞ்சுக்கு எரிகிற இடத்தில் மிளகாயைத் தேய்ப்பதுதான். இன்ஹேலரை (வாயில் வைத்து உறிஞ்சும் மருந்துக்குப்பி) நாள் தவறாமல் எடுக்க வேண்டும்.

"அதைவிட முக்கியம், அந்தப் புகைக்குள்ள திரும்பப் போகாதீங்க. போனா இப்ப மீளுற நுரையீரல் அடுத்த தடவை மீளாமப் போகலாம். எரியிறது நிக்கிறவரைக்கும் நல்ல காத்து உள்ள ஊரா பாத்து இருங்க."

"நான் கொடைக்கானலுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

மலையடிவாரத்து அய்யம்பாளையத்தில் என் சரசு அக்கா வீடு இருந்தது, பிழைத்தேன். அக்காவின் மாமனார் தென்னந்தோப்பில் கட்டிலைப் போட்டுக் கொடுத்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. இந்த வெக்கையில் மனுஷர் குடியிருப்பாரா என்று வருஷமெல்லாம் நக்கல் அடித்தவள் அதே வெக்கையில் கிடந்து, காற்று தடையில்லாமல் வந்துபோவதை வாயைப் பிளந்து கவனித்தேன். "காத்து வாங்க மலையவிட்டு எறங்கி வந்த மொத ஆளு நீதான்டி" என்று அக்கா ஊரெல்லாம் சொன்னாள். சாயங்காலம் மருதாநதி அணைப்பக்கம் மெதுவாக நடக்கவைத்தாள்.

பார்க்க வந்த சொந்தக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. உங்களுக்கும் வருவார்கள். ஒருத்தர், மலைக்காரிக்கு ஆஸ்துமா வராது, எல்லாம் மனசுதான் என்றார். ஒரு அம்மா, இன்ஹேலர் பழகிவிடும், தூக்கிப்போடு என்றாள். அந்தம்மாவின் மூக்குக்கண்ணாடி முப்பது வருஷமாகப் பழகிப்போய்க் கிடக்கிறது, அதைத் தூக்கிப்போடவில்லை. இவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்து அனுப்புங்கள். மருந்தை நிறுத்தாதீர்கள்.

பாண்டியோடு தினமும் போனில் ஒரே பேச்சுதான். "நின்னுச்சா?" "இன்னும் எரியுது." வீடு மேலே, நான் கீழே. அந்தத் தீ நிற்காவிட்டால் நான் என் வீட்டுக்குத் திரும்ப முடியாது. நாற்பத்து மூன்று வயதில் மலையைவிட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்? ஒரு மத்தியானம் தென்னந்தோப்பில் அதை நினைத்து வாய்விட்டு அழுதேன். அழுதாலும் விசில் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றாவது வாரம், மருத்துவ அறிக்கையோடு ஒரு மனு எழுதிக்கொண்டு, முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு மேலே போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. எல்லா அலுவலகத்திலும் அதே நாற்காலிதான். பின்னால் சுவரில் ஒரு பெரிய படம், மேகம் மூடிய பள்ளத்தாக்கு. முன்னால் ஸ்வெட்டர் போட்ட அதிகாரி.

"புகையா? எங்கங்க புகை? இந்த சீசன்ல மிஸ்ட் ஜாஸ்தி."

எனக்கு உச்சந்தலைவரைக்கும் ஏறியது. "சார், நான் இந்த மலையில பொறந்தவ. மேகத்துக்கும் புகைக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? வந்து எங்க வாசல்ல பத்து நிமிஷம் நின்னு பாருங்க. இந்தா ரிப்போர்ட்டு. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுருக்காங்க."

அவர் அறிக்கையைத் தொடவில்லை. மனுவிலிருந்த விடுதிப் பெயரை மட்டும் பார்த்தார். செல்போனில் நிதானமாகத் தட்டினார். பிறகு போனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது நீங்க எழுதுனதுதானம்மா?"

எங்கள் பகுதியில் புகை என்பதே கிடையாது. மலையைப் பற்றித் தெரியாதவர்கள் இப்படிக் குழப்பிக்கொள்வது சகஜம்.

"நீங்களே சொல்லிட்டீங்க. நான் உங்க வார்த்தையத்தான் நம்புறேன்" என்று மனுவை என் பக்கம் தள்ளினார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலப்பட்டதில்லை. அந்த ஆள்மேல் எனக்கிருந்த அருவருப்பு கொஞ்சமும் குறையவில்லை. இன்றைக்கும் குறையவில்லை. பத்து நிமிஷம் நடந்தால் தெரிகிற தீயைப் போனில் தேடி இல்லையென்று நிரூபித்த ஆள் அவர். ஆனால் அந்த அருவருப்பில் பாதியை எனக்கும் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தச் சின்னப்பிள்ளையின் இருமல் காதில் கேட்டது. அதன் நெஞ்சில் தைலம் தேய்க்கச் சொன்னவள் நான்.

காரில் வந்து உட்கார்ந்ததும் போனை எடுத்தேன். பாண்டி புரிந்துகொண்டார்.

"யோசிச்சுக்க. சீசன்."

"யோசிச்சுத்தாங்க அன்னைக்கிப் பொய் எழுதுனேன்."

பழைய பதிலை அழித்துவிட்டு எழுதினேன். "மேடம், நீங்கள் சொன்னதுதான் சரி. அது புகை. எங்களுக்குத் தெரியும், தெரிந்தே மறைத்தேன். இப்போது எனக்கே ஆஸ்துமா. தீ அணையும்வரை பிள்ளைகளோடு யாரும் எங்கள் விடுதிக்கு வர வேண்டாம். உங்கள் மகளிடம் மன்னிப்புக் கேட்கிறேன்." அதையே அவள் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பினேன். பதில் வரவில்லை.

நாங்கள் கீழே போய்ச் சேர்வதற்குள் பாண்டிக்குப் போன் வந்தது. எங்கள் தெருவில் பெரிய லாட்ஜ் வைத்திருக்கும் வேலுச்சாமி அண்ணன்.

"ஏலே பாண்டி, உன் வீட்டம்மாவ வாய மூடிக்கிட்டு இருக்கச் சொல்லு. மொத்தத் தெருவுக்கும் சோலி முடிஞ்சிரும்."

நான் போனை வாங்கினேன். "அண்ணே, பின்னால இருமுறது யாரு? மதினியா? இங்கவரைக்கும் கேக்குது."

வைத்துவிட்டார். மறுநாள் அவர் மனைவி வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டு, ரகசியக் குரலில் கேட்டார். "ஜெயா, நீ காட்டுன ஆஸ்பத்திரி எதும்மா?"

அடுத்த வாரம் அதே மேசையில் அதே மனுவை வைத்தேன். கூடவே என் புதிய பதிலின் அச்சுப்பிரதி, மனுவின் அடியில் எங்கள் தெருவிலிருந்து ஒன்பது கையெழுத்து. வேலுச்சாமி அண்ணன் போடவில்லை, மதினி போட்டிருந்தார். அதிகாரி இரண்டு பதிலையும் ஒப்பிட்டு, "இதுல எதும்மா உண்மை?" என்றார். "எதை எழுதுனப்ப எனக்கு லாபமோ அது பொய்யி சார்" என்றேன். சீல் வைத்து வாங்கிக்கொண்டார். இரண்டு தண்ணீர் லாரி வந்து மேலாக நனைத்துவிட்டுப் போயின. பத்து நாள் கழித்துக் கோடைமழை மூன்று நாள் விடாமல் கொட்டி அடிக்கங்குவரை அவித்தது. அணைத்த இடத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்று அதிகாரிகள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மழை போட்டோவில் இருந்தது, தீயை அணைத்தவர்கள் பெயர்ப்பட்டியலில் இல்லை. குப்பை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அடுத்த கோடையும் வரும்.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். காலையில் ஜன்னலைத் திறந்ததும் முதலில் கையை வெளியே நீட்டி ஈரம் படுகிறதா என்று பார்க்கிறேன். அப்புறம் மூக்கு. அதற்குப் பிறகுதான் நெஞ்சுக்கு அனுமதி. முன்பெல்லாம் மூச்சு என்று ஒன்று நடப்பதே எனக்குத் தெரியாது. இப்போது ஒவ்வொன்றும் வாசலில் நின்று கேட்டுவிட்டு வருகிறது. கடிகாரத்தைப் பார்ப்பதும் குறைந்துவிட்டது. காலை மருந்து, மாலை மருந்து, நடுவில் எத்தனை படி என்பதுதான் என் நாள். விருந்தாளிகள் குறைவு. வருகிறவர்களின் பெட்டியைப் பாண்டி தூக்குகிறார், அவர்களோடு சேர்ந்து நானும் பின்னால் இளைத்து வருகிறேன். கண்ணைக் காட்ட யாருமில்லை.

போன வாரம் பால் வாங்கிக்கொண்டு ஏறும்போது பதினாறாவது படியில் உட்கார்ந்தேன். மேகம் இறங்கியிருந்தது. முடி நனைந்தது, நல்ல மேகம்தான். போனில் வாட்ஸ்அப் சத்தம் கேட்டது. அந்தச் சென்னைப் பெண். இத்தனை நாள் கழித்து.

"பாப்பா இப்ப நல்லா இருக்கா அக்கா. ரெண்டு மாசம் ஆச்சு இருமல் நிக்க. நீங்க எப்படி இருக்கீங்க?"

'நல்லா இருக்கேன்' என்று விரல் தானாக அடித்துவிட்டது. இந்தப் பெண்ணுக்கு நான் ஏற்கெனவே ஒருமுறை இப்படிப் பதில் எழுதியிருக்கிறேன். அழித்தேன். திரும்ப அடித்தேன்.

"பதினாறாவது படியில உக்காந்துருக்கேன் மேடம். இன்னும் பதினொன்னு இருக்கு."